படிக்கட்டு எந்தத் துறை?

"ஏன் தம்பி, இது கல்யாண மண்டபந்தானே?"

கேட்டவர் சட்டமன்றக் குழுவின் தலைவர். தென்மாவட்டத்து அம்மா. கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை. கனம் தாங்காமல் ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் எலுமிச்சம்பழம். நெற்றியில் ஈரம் காயாத சந்தனம். தலைக்கு மேலே சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானா. வாசலின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம். காற்றில் பன்னீர் வாசனை, அதற்கு அடியில் லேசாக இரும்பும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை.

"இல்லீங்கம்மா. பட்டறை. மேல வீடு" என்றேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற, தங்கக் கால் வைத்த சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்று ஜிகினாத் திரைக்கு முன்னால் ஜம்மென்று வீற்றிருந்தது. மெஷின் என்று ஒன்றையும் காணோம்.

குழுவில் வந்திருந்த கண்ணாடிக்கார உறுப்பினர், கண்ணாடியைத் துடைத்தபடியே, மண்டபம் நடத்துவதும் தொழில்தானே, தொழில் கட்டட வரி போட்டிருக்கிறார்கள், அதில் என்ன குறை என்று கேட்டார்.

சட்டமன்றத்தில் நான் தொண்டை வறளப் பேசியதெல்லாம் இந்த ஒரு கட்டடத்துக்காக. இதன் மேல்தளம் ஒரு குடும்பம் வாழ்கிற வீடு என்று காட்டத்தான் குழுவையே கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தேன். வந்தவர்கள் மண்டபம் என்கிறார்கள். அப்படி ஆக்கி வைத்தது எங்கள் சாமியானாக் கடைச் சாமான்.

மைக் செட்காரனுக்கு மைக் கிடைத்தால்

போன வாரம் இந்தத் தொடரில் நான் தேர்தலில் நின்ற கதையைப் படித்துவிட்டு என் மனைவி, "ஜெயிச்சத ஒரு வரியில எழுதிட்டு, டெபாசிட் போயிடுமோன்னு பயந்தத மூணு பக்கம் எழுதியிருக்கீங்களே" என்றாள். என்ன செய்ய, பயந்ததுதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கரையான்சாவடியில் எங்களுக்குச் சாமியானாவும் மைக் செட்டும் வாடகைக்கு விடும் கடை. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் எந்தக் கட்சி மேடை போட்டாலும் முதலில் ஏறி "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று பேசுகிறவன் நான்தான். தலைவர்கள் வந்ததும் இறங்கிவிடுவேன். எங்கள் கட்சியில் இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு சீட்டுக்கு முட்டிக்கொண்டார்கள். கடைசியில், இருவருமே ஒரு பொருட்டாக மதிக்காத ஒரே ஆள் என்கிற தகுதியில் அது எனக்கு வந்தது. ஜெயித்தும் விட்டேன். என்னை எதிர்த்து நின்றவரைவிட எனக்குத்தான் அதிர்ச்சி அதிகம்.

பழக்கம் விடுமா? சட்டமன்றத்தில் முதல்முறை பேச எழுந்தபோது, கை தானாகப் போய் மைக்கைத் தட்டியது. வாய் தானாக "ஃபூ" என்று ஊதியது. பிறகு கணீரென்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"மைக் வேலை செய்கிறது. மாண்புமிகு உறுப்பினர் பேசலாம்" என்றார் பேரவைத் தலைவர். அவையே குலுங்கியது. ஆளுங்கட்சியையும் எதிர்க்கட்சியையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைத்தது, ஒரு புதுமுகத்துக்குப் பெரிய சாதனை என்று பிறகு கேன்டீனில் ஆறுதல் சொன்னார்கள்.

அங்கே இன்னொரு பழக்கம் உண்டு. பேச எழுந்தால் முதலில் தலைவரைப் புகழ வேண்டும். புகழ்ந்தால் நம் ஆட்கள் மேசையைத் தட்டுவார்கள். தட்டுகிற சத்தம் ஓயும் வரை சும்மா நிற்க வேண்டும். ஆனால் அந்த நேரமும் நம் கணக்கில்தான் கழியும். புகழ்ச்சி நன்றாக இருந்தால் தட்டல் நீளும்; தட்டல் நீண்டால் பேச்சு குறையும். இது புரிய எனக்கு ஒரு கூட்டத்தொடர் முழுசாக ஆனது.

செல்வியின் கட்டடம்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு மேற்கே, ஆவடிப் பக்கமாகப் போகிற சந்துகளில் இப்படி நிறையக் கட்டடங்கள் உண்டு. அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருப்பார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது வந்த பணத்தில் வாங்கிய ஒடுக்கமான மனை. பிள்ளைகளில் யாராவது கீழே பட்டறை போட்டு, மேலே குடியிருப்பார்கள்.

செல்வி அப்படிப்பட்ட ஒரு மகள். கீழே இரும்பைக் கடையும் ஒரு லேத், தகட்டை அடித்து வாஷர் வெட்டும் ஒரு பிரஸ். லேத்தைச் செல்வி ஓட்டுவார். பிரஸ்ஸைப் பக்கத்துத் தெரு கௌரி ஓட்டுவார். மேலே ஒரு அறை, ஒரு சமையலறை. அங்கே செல்வி, கணவர், பள்ளிக்கூடம் போகும் மகள், ஓய்வு பெற்ற அப்பா. மனை ஒடுக்கம் என்பதால் படிக்கட்டை வெளியே வைக்க இடமில்லை. பட்டறைக்குள்ளிருந்தே அது மேலே ஏறுகிறது.

வினை அந்தப் படிக்கட்டில்தான் வந்தது. மேல்தளத்துக்குத் தனி வழி இருந்தால்தான் அது வீடு என்றார்கள். பட்டறைக்குள் புகுந்து ஏறினால் மேலே இருப்பதும் பட்டறைதான், மொத்தத்துக்கும் தொழில் கட்டட வரி என்று முடிவு செய்துவிட்டார்கள். முடிவு செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விதியை எழுதியவர் பெரிய மனையில் குடியிருந்திருப்பார் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

செல்வி என்னைப் பார்க்கக் கடைக்கே வந்தார். புலம்பவில்லை. "அண்ணா, அவுங்க ரூலு பிரகாரம் பாத்தா நான் தெனிக்கும் பட்டறைலயே தூங்கிகினு கீறேன். வேல நேரத்துல தூங்குறதுக்கு எனக்கு நானே சம்பளத்த புடிச்சிக்கணும்" என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வரியைக் கட்ட வேண்டுமானால் பிரஸ்ஸை விற்றாக வேண்டும் என்றார். பிரஸ் போனால் வாஷர் ஆர்டர் போகும், கௌரிக்கு வேலை போகும். மிச்சமிருக்கும் ஒற்றை லேத்தை வைத்துக்கொண்டு கூலிக்குக் கடைந்து கொடுத்துப் பிழைப்பதற்குப் பதில், தானே ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடலாம் என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

பேசிப் பார்க்கிறேன் என்றேன். மைக் செட்காரன் வேறு என்ன சொல்வான்?

மூன்று விவாதம்

முதலில் வரி பற்றிய விவாதம். இரவெல்லாம் தயார் செய்து போனேன். புகழ்ச்சியை அவ்வளவு அழகாக எழுதியிருந்தேன், தட்டோ தட்டென்று தட்டினார்கள். தட்டி முடித்ததும், "எங்கள் தொகுதியில் ஒரு படிக்கட்டு..." என்று ஆரம்பித்தேன். மணி அடித்துவிட்டது. வெளியே வந்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர் என் தோளைத் தட்டி, முன்னேற்றத்தின் படிக்கட்டு என்றுதானே சொல்ல வந்தீர்கள், நல்ல உவமை என்றார். ஆமாம் என்றேன். அவர் மனசை ஏன் நோகடிக்க வேண்டும்?

அடுத்தது வீட்டுவசதி. இந்த முறை புகழ்ச்சியைப் பாதியாக வெட்டினேன். விஷயத்தை முழுசாகச் சொல்லிவிட்டேன். அமைச்சர் பொறுமையாகக் கேட்டு, மிகுந்த மரியாதையோடு, உறுப்பினர் சொல்வது வரி சம்பந்தப்பட்டது, வரி விவாதத்தில் எழுப்பியிருக்க வேண்டும் என்றார்.

மூன்றாவது, தொழில் வளர்ச்சி பற்றிய விவாதம். அன்று எல்லோரும் பெரிய பெரிய தொழிற்சாலைகளைப் பற்றிப் பேசினார்கள். கேட்கக் கேட்க எனக்கே பெருமையாக இருந்தது. என் முறை வந்தபோது புகழ்ச்சியை மொத்தமாகக் கைவிட்டேன். பெரிய தொழிற்சாலையிலிருந்து பளபளவென்று வெளியே வருகிற வண்டிக்குள் ஒரு சின்ன வாஷர் இருக்கிறது. அந்த வாஷர் எங்கள் ஊரில் ஒரு சமையலறைக்குக் கீழே பிறக்கிறது. மேலே சாம்பார் கொதிக்கும்போது கீழே அது வெட்டப்படுகிறது. வளர்ச்சி நம்மிடம் இரண்டு மாடியாக இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகக் கணக்குப் போட்டு மொத்தமாகச் சாய்த்துவிடாதீர்கள் என்றேன்.

என் வாயிலிருந்து இப்படியெல்லாம் வருமா என்று நானே அசந்து போனேன். எங்கள் பக்கத்தில் ஒரு மேசைகூட அசையவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து, "தலைவரப் பத்தி ஒரு வார்த்த இல்ல. கட்சி மாறப் போறியா?" என்று கவலையோடு கேட்டார்.

தொழில் துறை அமைச்சர் பதில் சொன்னார். பட்டறைக்குத் தன் துறை எப்போதும் துணை நிற்கும், ஆனால் உறுப்பினர் கேட்பது மேல்தளம் பற்றி, அது வீட்டுவசதித் துறை.

ஆக, கீழ்த்தளம் தொழில் துறை. மேல்தளம் வீட்டுவசதித் துறை. மொத்தத்துக்கும் வரி போடுவது இன்னொரு துறை. நடுவே இருக்கிற படிக்கட்டு எந்தத் துறை என்று கேட்கத்தான் ஆள் இல்லை. நான் அதிலேயே மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அன்று எதிர் வரிசையிலிருந்து ஒரே ஒரு கை மேசையைத் தட்டியிருந்தது. மேலே சொன்ன தென்மாவட்டத்து அம்மாவின் கை. வெளியே தாழ்வாரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வாஷர் பொறக்கிற அந்த அடுப்பங்கரைய நான் பாக்கணுமே."

அவர் தலைமையிலான குழு எங்கள் பக்கத்துக் குடியிருப்புகளைப் பார்வையிட எப்படியும் வரவிருந்தது. அந்தப் பயணத்தில் செல்வியின் கட்டடத்தையும் சேர்த்துக்கொண்டார்.

மச்சானின் கைவரிசை

நான் எம்.எல்.ஏ. ஆனதிலிருந்து கடையைப் பார்த்துக்கொள்வது என் மச்சான் ஏகாம்பரம். மனைவியின் தம்பி. நான் ஜெயித்ததில் என்னைவிட அவனுக்குத்தான் மார்பு விரிந்தது. குழு வருகிறது, செல்வி வீட்டு வாசலில் நாலு நாற்காலி போட்டு வை என்று அவனிடம் சொன்னேன்.

"நாலு சேரா மாமா? நம்ம கிட்ட இவ்ளோ சாமான் வெச்சிகினு, அவ்ளோ பெரிய மனுசங்கள வெறுந்தரைல நிக்க வெச்சா ஊரு இன்னா பேசும்?" என்றான். ஏதாவது பார்த்துச் செய் என்றேன். ஏகாம்பரத்திடம் சொல்லவே கூடாத வாக்கியம் அது.

அன்று காலை நான் குழுவோடு பேருந்தில் வேப்பம்பட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். செல்வி சரக்கை இறக்கத் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தார். அந்த இடைவெளி ஏகாம்பரத்துக்குப் போதும். மெஷின் ஓடினால் விருந்தாளிகளுக்கு இரைச்சல், அசிங்கம் என்று கௌரியிடம் சொல்லி பிரஸ்ஸை நிறுத்தினான். எண்ணெய்க் கறை தெரியக் கூடாதென்று தரைக்குச் சிவப்புக் கம்பளம். மெஷின்கள் தெரியக் கூடாதென்று ஜிகினாத் திரை. திரை வெறுமையாக இருக்கக் கூடாதென்று சிம்மாசனம். எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்கள் வந்தால் இருப்பதையெல்லாம் மறைத்துவிடுவதுதான் மரியாதை. மச்சான் அதில் குறையே வைக்கவில்லை.

அப்படித்தான் வந்தது அந்தக் கேள்வி: "இது கல்யாண மண்டபந்தானே?"

நான் வாய் திறப்பதற்குள் செல்வியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் வாழை மரத்தைப் பார்த்தார். சாமியானாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா அண்ணா இது? காலைல இத்த ஊடாத்தானே வுட்டுட்டுப் போனேன்."

"ஒனக்குத்தாம்மா செய்றோம்" என்றான் ஏகாம்பரம்.

"எனக்குச் செய்யணும்னா அந்த நாற்காலியத் தூக்கு. சாயங்காலத்துக்குள்ள அடுத்த லோடு மால் போவணும்."

குழுத் தலைவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நேராக உள்ளே போனார். என்ன நடக்கிறதென்று பார்க்கக் குழுவும் பின்னாலேயே நுழைந்தது. செல்வி இழுத்த இழுப்பில் ஜிகினாத் திரை இரண்டாகக் கிழிந்து விழுந்தது. பின்னால் லேத்தும் பிரஸ்ஸும், இரண்டுக்கும் ஏகாம்பரம் பூ வேறு சுற்றியிருந்தான். செல்வி கண்ணைக் காட்ட, கௌரி சுவிட்சைப் போட்டார்.

பிரஸ்ஸின் முதல் அடியில் சாமியானாக் கம்பு நடுங்கியது. அடுத்த அடியில் பன்னீர்ச் செம்பு கவிழ்ந்தது. குழுவினர் காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். வெளியேறலாம் என்றால் வாசலை ஏகாம்பரம் கூட்டி வந்த நாதஸ்வரக்காரர்களும் கட்சிக்காரர்களும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். போக ஒரே வழிதான் இருந்தது. மேலே.

மாடியில் குழு

எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் படியேறினோம். ஏறி நின்ற இடம் செல்வியின் சமையலறை. அலமாரியில் தட்டுகள் ஒவ்வொரு அடிக்கும் கிணுகிணுத்தன. ஒரு குண்டானில் தோசை மாவு. ஜன்னல் கம்பியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கார உறுப்பினருக்கு உட்கார அரிசி டிரம்தான் கிடைத்தது.

ஒட்டிய அறையில், கட்டிலில் செல்வியின் அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை பேர் வீட்டுக்குள் வந்ததில் அவருக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. தொழிற்சாலையில் எத்தனையோ பார்வையிடல்களைப் பார்த்தவர்.

இந்த இரைச்சலில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று குழுத் தலைவர் கேட்டார்.

"சத்தம் இருந்தா தூங்கிடுவேம்மா. காலைலேந்து சத்தமே இல்ல. இன்னாமோ ஏதோன்னு முழிச்சிகினே கீறேன்."

கண்ணாடிக்காரருக்கு இரைச்சல் தாங்கவில்லை. கூட்டத்தில் இடிபடாமல் வேறு பக்கமாக இறங்கிப் போய்விடலாமா என்று பெரியவரிடமே விசாரித்தார்.

"வேற பக்கமா எறங்க வழி இருந்தா, நீங்க ஏன் சார் இங்க வந்திருக்கப் போறீங்க?"

தட்டுகள் மறுபடி கிணுகிணுத்தன. பிறகு கண்ணாடிக்காரரே முதலில் சிரித்தார். அரிசி டிரம்மில் உட்கார்ந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

குழுத் தலைவர் மாலையைக் கழற்றிச் சீருடைக்குப் பக்கத்தில் மாட்டினார். கூட வந்த அலுவலரைப் பார்த்து, "எழுதிக்கிடுங்க. இது வீடு" என்றார்.

நான் மூன்று விவாதத்தில் பேசி முடியாததை, செல்வியின் அப்பா கட்டிலைவிட்டு இறங்காமலே முடித்துவிட்டார்.

நான் இல்லாத நேரம்

இது எழுதினால் உடனே நடந்துவிடுகிற காரியமா? அறிக்கை போக வேண்டும், படிக்க வேண்டும், படித்தவர் இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும். மாதங்கள் ஓடின. பூந்தமல்லியில் மெட்ரோ தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. ஒவ்வொன்றையும் கடந்து போகும்போது, இதைவிடவா ஒரு காகிதம் கனமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு கூட்டத்தொடரில், ஒரு காலை, செல்வியிடமிருந்து போன் வந்தது. வரியை இனி தள்ளிப்போட முடியாது, பழைய மெஷின் வாங்குகிற பாய் இன்று பிரஸ்ஸை எடுத்துப் போக வருகிறார் என்றார். "ஒங்க மேல கோவம் இல்லண்ணா. நீங்க பேசினீங்க" என்றும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று அவையில், கட்டட வரியையும் வடிகாலையும் பார்க்கிற அமைச்சரின் பதிலுரை. நான்காவது முறையாகக் கேட்டுப் பார்ப்போம் என்று துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அமைச்சர் மழைநீர் வடிகாலைப் பற்றி விரிவாகப் பேசினார். வடிகால் முடிய நேரமாகும் என்று கணக்குப் போட்டு, எழுந்து கேன்டீனுக்குப் போனேன்.

போண்டாவைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தபோது, எதிரே அந்தத் தென்மாவட்டத்து அம்மா வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"இங்கயா இருக்கீங்க? உங்க ஊரு படிக்கட்டு பாஸாயிட்டு, தம்பி."

வடிகாலுக்கு அடுத்த வரியிலேயே அமைச்சர் சொல்லியிருக்கிறார். படிக்கட்டு உள்ளே இருந்தாலும், மேலே குடும்பம் சமைத்து வாழ்ந்தால் மேல்தளம் வீடாகவே கணக்கிடப்படும், கீழ்த்தளத்துக்கு மட்டும் தொழில் வரி. குழு பரிந்துரைத்ததை ஏற்றுக்கொண்டார்களாம். இரண்டு பக்கமும் மேசை தட்டினார்களாம். என் சட்டமன்ற வாழ்க்கையின் ஒரே வெற்றி நிகழ்ந்தபோது என் இருக்கை காலியாக இருந்தது.

வெட்கப்பட நேரமில்லை. தாழ்வாரத்துக்கு ஓடி செல்விக்குப் போன் போட்டேன். எடுத்தார். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். யாரோ "தூக்கு, தூக்கு, அந்தாண்ட புடி" என்றார்கள். சங்கிலி உரசியது.

"செல்வி, மேல வீடுதான்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

"இன்னா? கேக்கல."

"மேல வீடு. வரி கீழுக்கு மட்டும்தான்."

"கேக்கலண்ணா. வண்டில ஏத்திகினு கீறாங்க. சத்தமா சொல்லுங்க."

மைக் இல்லாமல் நான் பேசிப் பழகியதே இல்லை. அன்று பேசினேன். சட்டமன்றத் தாழ்வாரம் முழுக்க எதிரொலிக்கிற மாதிரி, "மேல வீடு, கீழ பட்டறை" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். காவலர்கள் இரண்டு பேர் என்னை நோக்கி நடந்து வந்தார்கள். ஒரு அமைச்சரின் உதவியாளர் கோப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பக்கம் சங்கிலிச் சத்தம் நின்றது. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை.

பிறகு செல்வியின் குரல், என்னிடம் இல்லை, வேறு பக்கம் திரும்பி, நிதானமாக:

"பாய், கயித்த அவுத்துடுங்க. மெஷின் எங்கயும் போவல."